தேனீக்கள் தண்ணீர் எடுத்த குழாய்

அனுப்புநர்:
அ. தமிழ்வாணி, பி.எஸ்சி. (விலங்கியல்),
த/பெ. அழகுமலை,
கதவு எண் 2/41, கிழக்குக் காலனி,
வாகையேந்தல் கிராமம், கப்பலூர் வழி,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
மதுரை மாவட்டம்.

பொருள்: வாகையேந்தல் கிழக்குக் காலனி அங்கன்வாடி அருகிலுள்ள பம்புத் தொட்டியின் கிளைக்குழாயை 28.08.2025 வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் துண்டிக்கவும், என் வீட்டுத் தேனீப் பெட்டியை அகற்றச் சொல்லும் அறிவிப்பை நிறுத்தி வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: ஊராட்சி அறிவிப்பு, நாள் 23.08.2025.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் என் பெற்றோருடன் வசிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கே.கே. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறேன். காலை ஏழு மணிக்குப் போய் மதியம் இரண்டு மணிக்குத் திரும்புவேன். மீதி ரிப்போர்ட்டுகளை மாலையில் வீட்டிலிருந்து அனுப்புவேன். நான்கு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு வார்த்தை வராது. இது சிறுவயதிலிருந்தே உள்ள குறை. இந்தக் குறையால் என்ன நேர்ந்தது என்பதைக் கீழே பத்தி 11-இல் எழுதியிருக்கிறேன். மனு நீளமாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டும்.

2. சென்ற பிப்ரவரி மாதம் இரண்டு நாள் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போயிருந்தேன். பயிற்சி முடிவில் இந்தியத் தேனீப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். ஐந்து மரச்சட்டங்களிலும் ஈக்கள் அடர்ந்திருந்தன. வீட்டின் பின்புறம் முருங்கை மர நிழலில், எறும்பு ஏறாதபடி பெட்டியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சிகளில் நிறுத்தி வைத்தேன். அதே மாதம் எட்டு நாட்டுக்கோழிகள் வாங்கி அந்த இடத்திலேயே மேயவிட்டேன். பெட்டியிலிருந்து கீழே விழும் செத்த ஈக்களையும் மெழுகுப்புழுக்களையும் கோழிகள் பொறுக்கித் தின்றுவிடும், இடம் சுத்தமாக இருக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். கோழிகள் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

3. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தினமும் பத்து நிமிடம் பெட்டி வாசலில் உட்கார்ந்து பார்த்ததை எழுத வேண்டும் என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். பேசவேண்டிய வேலை அதில் இல்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. எண்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, நேரம், வெயில், வரும் ஈ, போகும் ஈ, கீழே கிடக்கும் ஈ எல்லாம் எழுதிவந்தேன். ஏப்ரலில் முதல் தேன் எடுத்தோம். அங்கன்வாடி டீச்சர் சின்னத்தாய் அவர்களுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் சின்னச் சின்ன பாட்டிலில் கொடுத்தேன். அதற்குப் பின் ஒருவருக்கும் தேன் கொடுக்கவில்லை. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஊராட்சி அறிவிப்பில் வேறுவிதமாக எழுதியிருக்கிறார்கள்.

4. 11.07.2025 வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெட்டி வாசலில் செத்த ஈக்கள் குவிந்து கிடந்தன. இருநூறு வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். சாகாதவை மல்லாந்து படுத்து ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாமே நாக்குக் குழலை நீட்டியபடி கிடந்தன. வெயில் கொடுமை என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். கோழிகளை அடைத்துவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றவில்லை. மதியம் திரும்பி வந்தபோது வாசல் துடைத்துவைத்தது போல் சுத்தமாக இருந்தது. மூன்று கோழிகள் கழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு தள்ளாடின. மறுநாள் இரண்டு செத்தன. கால்நடை மருத்துவர் வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை. ஈக்களைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.

5. அதே வெள்ளிக்கிழமை அங்கன்வாடியில் இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். ஈக்கள் செத்ததையும் இதையும் நான் அப்போது சேர்த்துப் பார்க்கவில்லை. 01.08.2025 வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அதேபோல் ஈக்கள் செத்துக் கிடந்தன. இந்த முறை கோழிகளை அடைக்க ஓடினேன். அதற்குள் அவை இறங்கிவிட்டிருந்தன. ஐந்து கோழிகள் செத்தன. அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழி மட்டும் கூடைக்குள் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஈயைத் தின்றுதான் மற்றவை செத்தன என்று அடித்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கூடைக்குள் இருந்தது இன்றும் உயிரோடு இருக்கிறது. அன்று அங்கன்வாடியில் வாந்தி எடுத்தவர்கள் நான்கு பேர்.

6. இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் காலனிக்குத் தெற்கே திரு. கண்ணுச்சாமி அவர்களின் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. அங்கே வியாழக்கிழமைதோறும் மாலையில் மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஈ சாகிறது என்றால் காரணம் தோட்டத்து மருந்துதான் என்று முடிவுகட்டி, 03.08.2025 அன்று வரப்பில் நின்று அவரிடமே சொல்லிவிட்டேன். பூப்பறிக்க வந்த பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஏத்தா, மல்லி பொழுது சாஞ்சுதான் பூக்குது, ஒன் ஈ பகல்ல பறக்குது. ரெண்டுக்கும் எங்கிட்டுத்தா சந்திப்பு? மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போற மொட்டுல ஒரு ஈ ஒக்காந்து நான் பாத்ததில்ல. காலேஜுல இதச் சொல்லிக் குடுக்கலையா?" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மை. அன்றிலிருந்து காலனியில் என் பெயர் "ஈக்காரி". அதன்பின் நான் எதைச் சொன்னாலும் அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது.

7. ஈக்கள் தோட்டத்துக்குப் போகவில்லை என்றால் எங்கே போகின்றன என்று பார்க்க முடிவு செய்தேன். 10.08.2025 ஞாயிறு காலை, ரோஸ் நிறக் கோலப்பொடியை மிக மெல்லிதாகப் பெட்டி வாசலில் தூவி வைத்தேன். அதில் ஊர்ந்து வெளியே போகும் ஈயின் முதுகில் நிறம் ஒட்டிக்கொள்ளும். பிறகு காலனி முழுவதும் நடந்து தேடினேன். முருங்கைப் பூவிலும் புளிய மரத்திலும் ஒன்றிரண்டு கண்ணில் பட்டன. மீதி அத்தனையும் ஓர் இடத்தில் இருந்தன. அங்கன்வாடிக்கு அறுபது அடி தள்ளியுள்ள பம்புத் தொட்டியின் வால்வு ஒழுகும் இடம் அது. சிமெண்டு மேடையில் பச்சைப் பாசி பிடித்திருக்கிறது. பாசியின் ஓரத்தில் ரோஸ் முதுகுகள் வரிசையாக நின்று தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தன. என் வீட்டில் கூழாங்கல் போட்டுத் தட்டில் வைத்த தண்ணீரை அவை ஏன் தொடவில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. தேனீ ஒரு தண்ணீர் இடத்தைப் பழகிவிட்டால் லேசில் மாற்றாது.

ஐயா, என் ஈக்கள் குடித்தது வயல் தண்ணீர் அல்ல. அங்கன்வாடிக் குழந்தைகளும் ஒன்பது வீட்டாரும் குடிக்கிற தண்ணீர். எங்கள் வீடு உட்பட மற்ற வீடுகளுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை கூட்டுக் குடிநீர் வருகிறது. அந்தக் குழாய் எட்டாத ஒன்பது வீடுகளும் அங்கன்வாடியும் இந்தத் தொட்டியை நம்பித்தான் இருக்கின்றன.

8. ஆனால் வாராவாரம் மருந்து அடித்தும் எல்லா வெள்ளிக்கிழமையும் ஈக்கள் சாகவில்லை. ஜூலை மூன்றாம் தேதியிலிருந்து ஆகஸ்டு பதினான்கு வரை ஏழு வியாழக்கிழமைகள். இரண்டின் மறுநாள்தான் சாவு. இது எனக்குப் பல நாள் விளங்கவில்லை. பிறகு வேறு எதற்கோ என் கைபேசியில் பழைய செய்திகளைப் பார்த்தபோது, பரிசோதனைக் கூடத்துக்கு நான் அனுப்பியிருந்த இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. 10.07.2025 மாலை 4.25: "கரண்ட் போயிருச்சு மேடம், ரிப்போர்ட் லேட்டாகும்." 31.07.2025 மாலை 4.50: அதே வரி. மற்ற ஐந்து வியாழக்கிழமைகளிலும் அந்த நேரத்தில் மின்சாரம் நிற்கவில்லை.

9. தோட்டத்துக்கும் தொட்டிக்கும் என்ன தொடர்பு என்பதை இப்போது சொல்ல வேண்டும். திரு. கண்ணுச்சாமி அவர்களின் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதில் கலந்தால் மருந்து பால் திரிவது போல் திரிந்துவிடும், தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் வேண்டும் என்பதால், பல வருடங்களாக காலனிக் கிணற்றிலிருந்து எங்கள் தொட்டிக்கு ஏறும் மோட்டார்க் குழாயில் ஒரு கிளைக்குழாய் வைத்து, அதில் ஓஸ் மாட்டி டிரம் நிரப்புகிறார்கள். டிரம்மில் முதலில் மருந்தை ஊற்றிவிடுவார்கள். பிறகு ஓஸின் முனையை டிரம்மின் அடிவரை இறக்கி மோட்டாரைப் போடுவார்கள். தண்ணீர் வரும் வேகத்தில் மருந்து தானாகக் கலங்கிவிடும், குச்சி வைத்துக் கிண்ட வேண்டாம். இந்தப் பக்கத்தில் மருந்து அடிப்பவர்கள் எல்லாரும் செய்யும் முறைதான் இது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

10. 21.08.2025 வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொட்டியடிக்குப் போய் வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்தேன். 4.10-க்கு நீல டிரம்மில் மருந்து ஊற்றினார்கள். ஓஸ் இறங்கியது. மோட்டார் ஓடியது. டிரம் முக்கால் அளவு நிறைந்து, நுரை உள்பக்கம் வெள்ளை வளையமாக ஒட்டியிருந்தது. 4.40-க்கு மின்சாரம் நின்றது. தண்ணீர் நின்றது. ஓஸை யாரும் எடுக்கவில்லை, மறுபடியும் கரண்ட் வரும் என்று டிரம்மிலேயே விட்டிருந்தார்கள். அப்போது ஓஸிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. குழந்தை பால் குடிக்கிற மாதிரியான சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். வெள்ளை வளையம் அப்படியே இருந்தது. தண்ணீர் அதற்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நான்கு விரற்கடை குறைந்து நின்றது. டிரம்மில் ஓட்டை இல்லை, அதன் அடியில் மேடை காய்ந்திருந்தது. மருந்து அடிப்பவர் குனிந்து பார்த்து, விரலை விட்டு ஆழம் பார்த்து, கைலியில் துடைத்துக்கொண்டு, "டிரம்மு எங்கிட்டோ ஒழுகுது போல" என்றார். 5.20-க்குக் கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. முதல் ஐந்து நிமிடம் தொட்டிக்குள் விழுந்த தண்ணீருக்குப் பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற வாடை இருந்தது.

அந்த மருந்து அடிப்பவர் என் தந்தை அழகுமலை. பத்தொன்பது வருடமாக அவருக்கு அதுதான் தொழில். நான் படித்ததும் அந்தக் கூலியில்தான்.

11. ஐயா, 21.08.2025 மாலை 5.20-லிருந்து மறுநாள் காலை பத்து மணி வரை, தொட்டித் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் கலந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காலை எட்டரைக்கு, குழந்தைகள் வருமுன், அங்கன்வாடிக்குப் போனேன். சின்னத்தாய் டீச்சர், "என்னடி இந்நேரத்துல, இன்னைக்கு வேல இல்லையா?" என்று கேட்டார்கள். வாயைத் திறந்தேன், வரவில்லை. மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையைக் காலால் இடறிக் கவிழ்த்துவிட்டேன். வேண்டுமென்றே செய்தேன். "கண்ணு எங்கடி இருக்கு ஒனக்கு, முழுப் பானையப் போட்டு ஒடச்சுட்டியே!" என்று திட்டினார்கள். அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஆயா ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போதும் நான் கூப்பிடவில்லை.

அன்று பத்து மணிக்கு ஒன்பது குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். நான்கு வயது ஆர்த்திகாவால் நிற்க முடியவில்லை. வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. என் வீட்டில் அன்று காலை பெட்டி வாசலில் பாதி ஈக்கள் செத்துக் கிடந்தன. குழந்தை அரசு மருத்துவமனையில் இன்னும் படுத்திருக்கிறாள். உணவு ஒவ்வாமை என்று எழுதியிருக்கிறார்கள். வேறு என்ன எழுதுவார்கள், யாரும் அவர்களிடம் வேறு எதுவும் சொல்லவில்லையே.

12. இப்போது ஏன் நடக்கிறது, இத்தனை வருடம் ஏன் நடக்கவில்லை என்று தாங்கள் கேட்கக்கூடும். சனிக்கிழமை என் தந்தையிடம் முதல்முறையாகச் சொன்னபோது அவரும் அதைத்தான் கேட்டார். "பத்தொம்பது வருசமா அதே கொழாய்லதான் கலக்குறேன். நீ சொல்றது நெசம்னா இந்நேரம் காலனியே காலியாயிருக்கணும்ல?" பதில் அங்கன்வாடியில் கிடந்தது. அங்கே கதவு காற்றில் அடிக்காமல் இருக்கக் கனமான பித்தளை உருளை ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் தொட்டி மோட்டார் எரிந்து புது மோட்டார் இறக்கியபோது மேடையில் கிடந்ததாம், டீச்சர் எடுத்து வைத்துக்கொண்டார்களாம். அதைப் படமெடுத்துக்கொண்டு கப்பலூரில் ஒரு மோட்டார்ப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏறுன தண்ணி திரும்பக் கீழ எறங்காம நிறுத்துற வால்வும்மா இது. இது கதவுக்கு முட்டாக் கெடந்தா, கொழாய்க்குள்ள என்ன கெடக்கு?" என்று கேட்டார்.

குழாய்க்குள் ஒன்றும் இல்லை, ஐயா. கரண்ட் போனதும் மேலே ஏறிய தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பி இறங்குகிறது. இறங்கும்போது ஓஸ் வழியாக டிரம்மில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. கரண்ட் வந்ததும் அதையே தொட்டிக்கு ஏற்றுகிறது.

13. சனிக்கிழமை மாலை சின்னத்தாய் டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நம்பினார்கள். இரண்டு குடம் கூட்டுக் குடிநீர் தன் வீட்டிலிருந்து சுமந்து வருகிறார்கள். ஆனால், "நான் எம்புட்டு நாளைக்குச் சுமக்குறது தமிழு? புதன்கிழமை குழாய்ல தண்ணி வரலேன்னா எங்க வீட்டுக்கே இல்ல. அப்ப அந்தத் தொட்டிதான்" என்கிறார்கள். அந்த ஒன்பது வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனேன். முதல் வீட்டில் வாசலிலேயே, "ஈக்காரி வந்துட்டா, புள்ளைக்குத் தேனக் குடுத்துப் படுக்க வெச்சுட்டு இப்பத் தண்ணியக் கொற சொல்ல வந்துட்டா" என்றார்கள். இரண்டாவது வீட்டுக்குள் ஆள் இருக்கும்போதே கதவைச் சாத்தினார்கள். ஒன்பது வீடுகளும் அதே தண்ணீரில்தான் இன்று காலையும் சோறு வடித்தன.

14. இதற்கிடையில்தான் பார்வையில் கண்ட அறிவிப்பு வந்தது. குழந்தைகளின் உடல்நலக் கேட்டுக்கு என் தேனும் கோழிகளும் காரணம் என்று புகார் வந்துள்ளதால், ஏழு நாள்களுக்குள் பெட்டியையும் மிச்சக் கோழியையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் உள்ளது. என் தந்தைக்கு ஏழு நாள்கூடப் பொறுக்கவில்லை. ஊர் முன்னால் தலைகுனிவு என்கிறார். "வியாழக்கெழமை காலைக்குள்ள நீயா எடுக்கலேன்னா, நானே மண்ணெண்ணெயை ஊத்திக் கொளுத்திருவேன்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்வார். என் தாயார் மலையம்மாள் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குடிதண்ணீர்ப் பானையைத் தட்டு வைத்து மூடி, மேலே அம்மிக்குழவியையும் ஏற்றி வைக்கிறார். எங்கள் வீட்டுத் தண்ணீர் வேறு குழாய், அதற்கு ஆபத்தில்லை என்று சொன்னேன். கேட்கவில்லை.

15. பெட்டியில் இப்போது இரண்டு சட்டங்களுக்குத்தான் ஈ இருக்கிறது. ராணி உயிரோடு இருக்கிறாள். நான் அந்தப் பெட்டியைக் காப்பாற்றக் கேட்பது தேனுக்காக அல்ல. இந்த ஊரில் அந்தத் தண்ணீர் கெட்டதை அறிவிக்க வேறு ஒன்றும் இல்லை. தொட்டிக்கு நிறம் மாறவில்லை. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வாடையும் இல்லை. விடியும்போதே ஈக்கள் தண்ணீருக்குப் போய்விடுகின்றன. அங்கன்வாடி ஒன்பது மணிக்குத் திறக்கிறது. இடையில் உள்ள அந்த மூன்று மணி நேரம்தான் நமக்கு இருக்கிறது. மூன்று முறையும் அந்த நேரம் இருந்தது. முதல் முறை எனக்குத் தெரியவில்லை, இரண்டாம் முறை புரியவில்லை, மூன்றாம் முறை வாய் வரவில்லை. பெட்டியைக் கொளுத்திவிட்டால் நான்காம் முறை முதலில் தெரியவருவது பத்து மணிக்கு, குழந்தைகள் மேல்தான்.

16. வரும் வியாழன், வெள்ளி இரண்டும் முகூர்த்தம். மல்லிகைக்கு நல்ல கிராக்கி. புழு விழுந்த மொட்டு ஒன்றுகூட மூட்டையில் போகக்கூடாது என்று திரு. கண்ணுச்சாமி அவர்கள் இந்த வாரம் இரண்டு டிரம் கலக்கச் சொல்லியிருக்கிறார். மருந்தின் அளவையும் கூட்டச் சொல்லியிருக்கிறார். அதை என் தந்தை நேற்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். சொல்லும்போது அவர் கையில் இருந்த தம்ளர் தட்டில் பட்டுப் பட்டு ஒலித்தது. சில மாதங்களாகவே அவர் கை நடுங்குகிறது. எச்சில் கூடுதலாக ஊறுகிறது. வெளிச்சம் இல்லாத இடத்திலும் அவருடைய கருமணி விரிவதில்லை. ஆர்த்திகாவைப் பார்த்த பிறகுதான் என் தந்தையின் கண்ணை நான் உற்றுப் பார்த்தேன்.

17. ஆகவே ஐயா அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

தொட்டிக்கு ஏறும் குழாயிலுள்ள கிளைக்குழாயை 28.08.2025 வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன் வெட்டி அடைத்துவிட வேண்டும். சாவி போட்டு மூடினால் போதாது, சாவி எல்லாரிடமும் இருக்கிறது. தொட்டியையும் கிணற்றையும் பரிசோதித்து முடிவு வரும்வரை அங்கன்வாடிக்கும் ஒன்பது வீடுகளுக்கும் லாரித் தண்ணீர் தர வேண்டும். ஜூன் மாதம் கழற்றிய வால்வுக்குப் பதில் புதியது இறக்க வேண்டும். பழையது கதவு முட்டாக அங்கன்வாடியில் பத்திரமாக இருக்கிறது. குழந்தை ஆர்த்திகாவுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம், பூச்சிமருந்தாக இருக்கலாம் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து இன்றே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் நேற்றுப் போனேன். உறவினர்கள் என்னை வார்டுக்குள் விடவில்லை. வெளியே செவிலியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது மருத்துவர் கைக்குப் போனதா என்று தெரியவில்லை. என் வீட்டுத் தேனீப் பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்க உத்தரவிட வேண்டும்.

18. என் தந்தையைப் பொறுத்தவரை, அவர் மீது நடவடிக்கை வேண்டாம் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆர்த்திகாவின் தாயார் முன் நின்று அதை என்னால் கேட்க முடியாது. ஆனால் அவரை விசாரணைக்கு அழைக்கும்போது முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் தினமும் நூறு பேருடைய ரிப்போர்ட் அடிக்கிறேன். அவருடையது ஒன்றையும் அடித்ததில்லை. கூப்பிட்டால் வரமாட்டார். அரசு கூப்பிட்டால் வருவார். இந்த மனுவில் அவர் பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது.

19. தாங்கள் நேரில் விசாரித்தால் நான் எழுதியதைத் தவிர வேறு எதுவும் என்னால் சொல்ல முடியாமல் போகலாம். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுவலர் எவரும் வராமல் வியாழக்கிழமை நான்கு மணி ஆகிவிட்டால், நான் தொட்டியடிக்குப் போய் அந்தக் கிளைக்குழாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பேன். மோட்டார் வேகத்தில் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று தெரியாது. என் தந்தை என்னை விலகச் சொல்வார். அப்போது எனக்கு வாய் வருமா என்று எனக்கே உறுதியில்லை. அதனால்தான் திங்கட்கிழமையே இதை எழுதித் தருகிறேன்.

இந்த மனுவைத் தாங்கள் படித்து முடித்ததற்கு நன்றி. அடுத்துத் தாங்கள் எடுக்கும் நடவடிக்கைக்காக அங்கன்வாடியின் இருபத்திரண்டு குழந்தைகளின் பெயரால் காத்திருக்கிறேன்.

இடம்: வாகையேந்தல்
நாள்: 25.08.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
அ. தமிழ்வாணி

இணைப்பு:

1. தேனீ நோட்டின் நகல், 38 பக்கங்கள்.

2. ஊராட்சி அறிவிப்பின் நகல்.

3. டிரம், ஓஸ், பித்தளை வால்வு ஆகியவற்றின் புகைப்படங்கள், கைபேசிச் செய்திகளின் படங்கள்.

4. தீப்பெட்டி ஒன்று. உள்ளே 22.08.2025 அன்று காலை எடுத்த செத்த தேனீக்கள் பதினான்கு. முந்தின நாள் மதியம் வாசலில் மறுபடியும் கோலப்பொடி தூவியிருந்தேன். இரண்டின் முதுகில் ரோஸ் நிறம் இன்னும் இருக்கிறது.

5. கண்ணாடி பாட்டில் ஒன்று, மெழுகு வைத்து மூடியது. 21.08.2025 மாலை 5.25-க்கு அங்கன்வாடிக்குப் போகும் குழாயில் பிடித்த தண்ணீர். பார்க்கச் சாதாரணத் தண்ணீர் போலத்தான் இருக்கும். மேசையில் குடிதண்ணீர் பாட்டில்களோடு சேர்த்து வைத்துவிட வேண்டாம்.